பங்குனியில் நின்ற தேதி

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். முன்பு அப்படி இல்லை. ஏன்தான் கேட்டோமோ என்று கேட்டவர் நொந்துபோகும்வரை விளக்குவேன். பெங்களூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றானதும் கம்பைநல்லூருக்குத் திரும்பி வந்தவள் நான். விஷயம் தெரிந்தவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. யாராவது என் வேலையில் குறை சொன்னால் கோபம் மூக்குக்கு மேல் வந்து நிற்கும்.

சித்தேரி மலைக்குக் கீழே ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருக்கிறது. மலைக்கிராமத்துப் பெண்களைப் பிரசவத்துக்குச் சில நாள் முன்னதாகவே கீழே கூட்டிவந்து, ஆஸ்பத்திரியை ஒட்டிய கூடத்தில் தங்கவைப்பார்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவர்களுடைய ஜீப் மேலே போகும். யார் யாரை ஏற்றிவர வேண்டும் என்று சிஸ்டர் அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பட்டியல் எழுதி டிரைவரிடம் கொடுப்பார். ஒரு முறை அம்மாவைக் காட்டப் போனபோது அந்தக் கட்டு அட்டைகளோடு சிஸ்டர் மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். இதை நான் கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன் என்று சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் போய் விழுந்தேன்.

அப்ளிகேஷன் எழுதுவது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு பெண்ணின் ஊர், எத்தனையாவது பிரசவம், முன்பு ஆபரேஷன் நடந்ததா, டாக்டர் குறித்த நாள் எது என்பதையெல்லாம் சிஸ்டர் பதிந்துவிட வேண்டும். பட்டனை அழுத்தினால், இன்றிலிருந்து பத்து நாளுக்குள் யாருக்கெல்லாம் நாள் வருகிறதோ அவர்கள் பெயர் பட்டியலாக வரும். கூடத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர் தானாகவே நீங்கிவிடும்.

அதை வெப் சர்வரோடு இணைப்பதுதான் வேலை. வெப் சர்வர் என்பது வாசலில் நிற்கிற ஆள். யார் வந்து கேட்டாலும் கேள்வியை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சொந்தமாகக் கணக்குப் போடத் தெரியாது. கணக்குப் போடுகிற என் அப்ளிகேஷனோ உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் பாஷை வேறு. நான் முதலில் செய்திருந்த ஏற்பாட்டில், சிஸ்டர் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் சர்வர் என் அப்ளிகேஷனைப் புதிதாக எழுப்பும். அது எழுந்து, பதில் சொல்லிவிட்டு, மறுபடி படுத்துவிடும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரோ யாரோ கழித்துக் கொடுத்த பழைய பெட்டி. எழுந்து வருவதற்கே அரை நிமிடம் ஆனது. பட்டனைத் தட்டிவிட்டு ஒரு வார்டு சுற்றி வந்துவிடலாம் போல என்று சிஸ்டர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

அதனால் ஹேண்ட்லர் லைப்ரரி ஒன்றை நடுவில் வைத்தேன். யாரோ எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த நிரல்தொகுப்பு அது. அதை வைத்து இணைத்தால் அப்ளிகேஷன் ஒரு முறை எழுந்தால் போதும், விழித்தபடியே உள்ளே உட்கார்ந்திருக்கும். வாசலில் வருகிற கேள்வியை ஹேண்ட்லர் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கிவந்து சர்வரிடம் சேர்க்கும். நாற்பது வரிகூட ஆகவில்லை. என் மேசையில் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் ஏற்றினேன். பட்டனைத் தொட்டதும் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. சிஸ்டர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். அன்று நான் பஸ்ஸில் வீடு திரும்பியபோது கால் தரையில் பாவவில்லை.

மாசி முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாசியிலேயே அடிக்கடி இருந்த மின்வெட்டு பங்குனியில் வெயில் ஏற ஏற இன்னும் ஏறியது. தினமும் மதியத்துக்குள் ஒரு முறையாவது கரண்ட் போகும், கம்ப்யூட்டர் பொத்தென்று அணையும். திரும்பி வந்ததும் எல்லாம் தானாகவே எழுந்துகொள்ளும்படிதான் நான் செய்துவைத்திருந்தேன். ஆனாலும் இப்படி அணைந்து அணைந்து எழுந்தால் பதிவுகள் கெட்டுப்போகும், ஒரு இன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும் என்று டாக்டரம்மாவை நச்சரித்தேன். போகும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில் பங்குனி முடிகிற சமயத்தில், ஒரு புதன்கிழமை, இன்வெர்ட்டர் வந்தது. நானே கூட இருந்து மாட்டச் சொன்னேன். அன்று மதியம் கம்ப்யூட்டரை எழுப்பினோம். அதன் பிறகு அது அணையவே இல்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை சிஸ்டர் போன் செய்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அரூர் பக்கத்துக்காரர். எதையும் இழுத்துப் பேச மாட்டார். பட்டியலில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்றார். போன வெள்ளி ஆறு பேர் வந்தார்களாம், செவ்வாய் மூன்று பேர், இன்றைக்கு ஒரே ஒரு பெயராம். அதுவும் தாய்வீட்டுக்குப் போய்விட்ட ஒருத்தியுடையதாம்.

எனக்குக் காரணம் நாக்கின் நுனியில் இருந்தது. சித்திரை பிறக்கிற நேரம். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் பக்கத்து வழக்கம், சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்பதற்காக. ஆடியில் பிரித்துவைத்தால் சித்திரையில் பிரசவம் குறையத்தானே செய்யும். பட்டியல் குறைந்ததில் ஆச்சரியம் என்ன என்று சிஸ்டருக்கே நான் பாடம் எடுத்தேன். என் அப்ளிகேஷன் ஊர் வழக்கத்தைக்கூடக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சிஸ்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அது புதுசா கண்ணாலம் ஆனவங்களுக்குத்தானுங்களே மேடம். மூணாவது புள்ளைக்கு ஏதுங்க ஆடி?"

நியாயமான கேள்வி. இருபது வருடம் பிரசவம் பார்த்த ஒருவர் கேட்ட கேள்வி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அச்செடுத்த தாளின் மூலையில் பிரவுசர் போடுகிற தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சரியாக இருக்கிறது, இன்றைய தேதிதான் என்றார். அப்புறம் என்ன, கம்ப்யூட்டர் சொல்வதை நம்புங்கள் சிஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். நான் அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். எடுக்காமல், பட்டியல் சரிதான் என்று ஒரு செய்தி மட்டும் தட்டிவிட்டேன்.

மறுநாள் புதன். மலைமேல் ஒரு ஊரில் ஒருத்திக்குக் காலை பத்து மணி வாக்கில் வலி கண்டுவிட்டது. அவளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. அதனால் இந்த முறை வலி காணும்வரை வீட்டில் இருக்கவே கூடாது என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். காலை பஸ் போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல அவர்கள் ஊரில் டவர் எடுக்காது. புருஷன் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவதற்குள், புளி ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு டெம்போவை ஊர்க்காரர்கள் நிறுத்தி அவளை ஏற்றிவிட்டார்கள். மலைச்சாலையில் வரும் வழியிலேயே பழைய தையல் இருந்த இடத்தில் கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. டாக்டரம்மா அவளைப் பிழைக்கவைத்துவிட்டார். பிள்ளை வந்து சேரும்போதே உயிரோடு இல்லை. ஆண் பிள்ளை.

மாலை நான்கு மணிக்கு சிஸ்டர் எனக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளுக்கு டாக்டர் குறித்த நாள் வரும் வெள்ளிக்கிழமை என்று பதிவில் இருக்கிறது, ஆனால் போன வாரத்திலிருந்து ஒரு பட்டியலில்கூட அவள் பெயர் வரவில்லை என்றார். ஜீப் அவள் ஊரை மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறது. மருந்து கொடுக்கவும் குழந்தைகளுக்கு எடை பார்க்கவும் எப்படியும் போகிற ஜீப்தான். நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தப்பைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்ளிகேஷன் எப்போது எழுந்தது என்று பார்த்தேன். இன்வெர்ட்டர் மாட்டிய புதன்கிழமை மதியம் என்று காட்டியது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

'இன்று' என்ன தேதி என்று கேட்கிற வரியை நான் அப்ளிகேஷனின் தலைப்பகுதியில் எழுதியிருந்தேன். எழுந்திருக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளும். முன்பு பட்டனுக்குப் பட்டன் புதிதாக எழுந்தபோது ஒவ்வொரு முறையும் கேட்டது, சரியாக இருந்தது. ஹேண்ட்லர் வழியாக இணைத்தபின் அது படுப்பதே இல்லை, அதனால் மறுபடி கேட்பதும் இல்லை. என் மேசையில் சோதித்தபோது ஒவ்வொரு திருத்தத்துக்கும் நானே அணைத்துப்போட்டு எழுப்பியதால் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட் போய்க் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. நான் திட்டித் தீர்த்த மின்வெட்டுதான் அத்தனை நாளும் என் தப்பை மூடிவைத்து அந்தப் பெண்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் வந்த அன்றோடு என் அப்ளிகேஷனுக்குப் பொழுது விடிவது நின்றுபோனது. தாளின் மூலையில் சரியாக இருந்தது பிரவுசரின் தேதி, என் அப்ளிகேஷனுடையதல்ல. வெளியே சித்திரை பிறந்துவிட்டது, என் அப்ளிகேஷன் மட்டும் பங்குனிப் புதன்கிழமையிலேயே உட்கார்ந்து, அன்றிலிருந்து பத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நாள் பெண்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வந்து சேரச் சேரப் பட்டியல் குறைந்தது. புதிதாக யாரும் உள்ளே வரவே இல்லை. நான் அதற்கு ஆடி மாதத்தைக் காரணம் சொன்னேன்.

அந்த ஒரு வரியைத் தலையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஓடுகிற இடத்தில் வைத்தேன். அணைத்து எழுப்பினேன். பட்டியலில் எட்டுப் பெயர் வந்தது. சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். டாக்டரம்மாவிடம் போய் என் தப்புதான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மெஷின்தானே, யார் என்ன செய்வது, அந்தப் பெண்ணிடம் போய் எதையும் சொல்லிக்கொண்டிருக்காதே, அவளுக்குப் புரியாது என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜீப் பட்டியலில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் மனசில்லை. கடைசியில் அவள் படுத்திருந்த அறைக்குப் போனேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முகம் வெளுத்துக் கிடந்தது. புருஷன் மாத்திரை வாங்கப் போயிருந்தார். நான் யார் என்று சொன்னேன். பட்டியல் போடும் கம்ப்யூட்டரில் நான் செய்த தப்பால்தான் ஜீப் உன் வீட்டுக்கு வரவில்லை என்றேன். ஹேண்ட்லர், சர்வர் எதுவும் சொல்லவில்லை. தேதியைத் தப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது, அது என் தப்பு என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது சரியில்லை, அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

அவள் மெதுவாகப் பேசினாள். போன செவ்வாய்க்கிழமை ரோட்டோரம் நின்று ஜீப்பை நிறுத்தியே கேட்டார்களாம். உன் பேர் வரலம்மா, வந்தால் நானே வந்து ஹாரன் அடிப்பேன் என்று டிரைவர் சொன்னாராம். வயிறு இறங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்த்து, இன்னும் நாள் இருக்கிறது என்று தெரிந்துதான் பெயர் போடவில்லை என்று நினைத்துக்கொண்டார்களாம். பஸ் ஏறலாமா என்று புருஷன் கேட்டதற்கு, வேண்டாம், பெயர் வரட்டும் என்று இவள்தான் சொன்னாளாம்.

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எங்கூருக்கு மேல இன்னொருத்தி இருக்காளுங்க அக்கா. அவளுக்கு நாளு என்னைவிட நாலு நாள் முந்தியே. அவ வந்துட்டாளுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரின் ஊரும் எனக்கு மனப்பாடம், இவள் ஊருக்கு மேலே உள்ள ஊர் எதுவும் அதில் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் நான் செய்திருந்ததன் லட்சணம் புரிந்தது. வியாழக்கிழமை தேதியைச் சரிசெய்ததும் பட்டியல் வியாழனிலிருந்து அடுத்த பத்து நாளைக் காட்டியது. பழைய பட்டியல் எண்ணி முடித்த நாளுக்கும் இந்த வியாழனுக்கும் நடுவில் யாருக்காவது நாள் வந்து போயிருந்தால், அவள் பழைய பட்டியலிலும் இல்லை, புதியதிலும் இல்லை. எட்டுப் பெயர் வந்ததும் தப்பு தீர்ந்தது என்று எழுந்துவிட்டேனே தவிர, விட்டுப்போனவர்கள் யார் என்று நான் தேடவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டு நாள் ஆனவளுக்கு அது தோன்றியிருக்கிறது.

தேடினேன். நாள் கடந்தும் பிரசவம் பதியப்படாத ஒரே ஒரு பெயர் இருந்தது. சிஸ்டரிடம் காட்டினேன். அவர் உடனே டிரைவரைக் கூப்பிட்டுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். புறப்படும் முன் சிஸ்டர் உள்ளே போய், படுத்திருந்தவளிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தார். ஜீப் போகிற சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும், ஹாரன் அடித்தால் கேட்காது என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாங்கள் போனபோது அந்தப் பெண் முற்றத்தில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பேர் வரலைன்னு சொன்னாங்களே, அதான் இருந்துட்டேன் என்றாள். பிள்ளை நேற்றிலிருந்து சரியாக அசையவில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னாள். சிஸ்டர் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, நான்கு பேர் பாதை முழுக்கத் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றினார்கள். இறங்கும் வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். அன்றே ஆபரேஷன் செய்தார்கள். பனிக்குடத்து நீர் வற்றிப்போயிருந்தது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கையில் ஒன்றும் கிடைத்திருக்காது என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். பெண் பிள்ளை. நல்லபடியாக இருந்தது.

மறுநாள் காலை நான் மறுபடி பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அறைக்குப் போனேன். இப்போது புருஷன் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்கு ஸ்டூலைத் தள்ளினார், நான் உட்காரவில்லை. மேல் ஊர்க்காரியைக் கூட்டிவந்துவிட்டோம், தாயும் பிள்ளையும் சுகம், நீ சொன்னதால்தான் என்றேன். அவள் முகம் தெளிந்தது. பொறந்ததும் பிள்ளை அழுததா என்று கேட்டாள். அழுதது, வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது என்றேன்.

அவள் பார்வை கூரைக்குப் போனது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப, செவ்வாக்கெழம ஜீப்பு என்னையும் ஏத்தியிருந்தா, எம்புள்ளையும் அழுதிருக்குமுங்களா அக்கா?"

யாருக்குத் தெரியும், எல்லாம் விதி, மெஷின்தானே என்று சொல்வதற்கு எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. புருஷனும் அப்படி ஏதாவது சொல்லிவிடுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அழுதிருக்கும்" என்றேன்.